உள்ளூர் விடுமுறை யாருக்கு, டபுள் சம்பளம் யாருக்கு?

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது மதுரை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு செய்திக்குறிப்பு வரும். கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அதற்கு ஈடாக இன்ன சனிக்கிழமை வேலை நாள் என்று அதில் இருக்கும். திருவாரூரில் ஆழித்தேர், தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழா, நாகூரில் கந்தூரி, திருச்சியில் வைகுண்ட ஏகாதசி, கன்னியாகுமரியில் அய்யா வைகுண்டர் பிறந்த நாள் என ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு மாவட்டத்தில் இது நடந்துகொண்டே இருக்கும். செய்தி வாட்ஸப்பில் சுற்றத் தொடங்கிய அரை மணி நேரத்தில் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஜவுளிக்கடையிலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, நாளைக்கு நமக்கும் லீவா? வேலைக்கு வந்தா டபுள் சம்பளமா?"

பெரும்பாலான இடங்களில் இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். அந்தச் செய்திக்குறிப்பைக் கடைசி வரி வரை படித்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் யாரும் முதல் இரண்டு வரிக்கு மேல் படிப்பதில்லை. கடைசிப் பத்தியில், இந்த உள்ளூர் விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, எனவே வங்கிகள் இயங்கும், கருவூலங்கள் குறைந்த பணியாளர்களோடு செயல்படும் என்று எழுதியிருக்கும். விடுமுறை மாநில அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும். தனியார் தொழிற்சாலையையோ கடையையோ அந்த அறிவிப்பு கட்டுப்படுத்தாது.

இதையே கொஞ்சம் நீட்டினால் இன்னொரு குழப்பமும் தெளியும். தமிழ்நாடு அரசு ஒவ்வோர் ஆண்டும் பொது விடுமுறைப் பட்டியல் வெளியிடுகிறது. 2025-க்கான பட்டியலில் 24 நாள்கள் இருந்தன. காலண்டரில் சிவப்பு மையில் வருபவை அவைதான். அரசு ஊழியருக்கு அந்த 24. தனியார் தொழிலாளிக்கு அது சும்மா சிவப்பு மை. அவருடைய விடுமுறையைத் தீர்மானிப்பது வேறொரு சட்டம்: 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். பே சிலிப்பில் என்.எச். (தேசிய விடுமுறை), எஃப்.எச். (பண்டிகை விடுமுறை) என்று இரண்டு எழுத்துச் சுருக்கம் வருகிறதே, அது இந்தச் சட்டத்தின் குழந்தை.

அந்தச் சட்டம் தருவது மொத்தம் ஒன்பது நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தேசிய விடுமுறை; இவற்றை யாரும் மாற்ற முடியாது. மீதி ஐந்தும் பண்டிகை விடுமுறை. எந்தப் பண்டிகை என்று சட்டம் சொல்லவில்லை. முதலாளி, தொழிலாளர் இரு தரப்பையும் கலந்து இதற்கான அரசு ஆய்வாளர் குறிப்பிடும் ஐந்து பண்டிகைகள் என்றுதான் இருக்கிறது. தொழிற்சாலை, கடை, வணிக நிறுவனம், ஓட்டல், தோட்டம் எல்லாம் இதற்குள் வரும். சாஃப்ட்வேர் கம்பெனியும் வரும். அமெரிக்க வாடிக்கையாளரின் காலண்டரைப் பார்த்து ஜூலை 4 லீவு கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அக்டோபர் 2 வேலைக்கு வரச் சொல்வது சில இடங்களில் நடக்கிறது. ஜூலை 4 அவர்கள் விருப்பம், கொடுக்கட்டும். அதற்காக அக்டோபர் 2 மறைந்துவிடாது.

உள்ளூர்த் திருவிழாவுக்கு லீவு வேண்டும் என்றால் அதற்கான கதவு இந்த ஐந்தில்தான் இருக்கிறது. ஆழித்தேருக்கு முந்தின நாள் போய் முதலாளியிடம் நின்றால் அது அவர் மனசு. டிசம்பரில் பட்டியல் போடும்போதே அந்த ஐந்தில் ஒன்றாகத் தேரைச் சேர்த்துவிட்டால் அது உரிமை, சம்பளத்தோடு. கலந்தாலோசனை என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் போன வருடப் பட்டியலில் தேதியை மட்டும் திருத்தி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற அலுவலகங்களே அதிகம். பொங்கல், மாட்டுப் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆயுத பூஜை, தீபாவளி என்ற ஐந்தும் எங்கோ அச்சடித்து வைத்ததுபோல ஒவ்வோர் ஆண்டும் வரும். மதுரையில் பாதிப் பேர் அழகர் இறங்கும் நாளில் எப்படியும் வரப்போவதில்லை. ஆள் இல்லாமல் மெஷினைப் பூட்டி வைப்பதைவிட, தமிழ்ப் புத்தாண்டை விட்டுவிட்டு அழகரை எடுத்துக்கொள்வது இரு தரப்புக்கும் லாபம். வெளிமாநிலத் தொழிலாளர் அதிகமுள்ள யூனிட்டில் இந்தப் பேச்சு வேறு மாதிரி போகும். அவர்களையும் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவருக்கு மாட்டுப் பொங்கல் வெறும் தூக்க நாள்.

பட்டியல் போடும்போது காலண்டரை விரித்து வைத்துக் கிழமை பாருங்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வார விடுமுறை உள்ள இடத்தில் தீபாவளியை ஐந்தில் ஒன்றாக எழுதினால் அந்த ஒரு நாள் கையைவிட்டுப் போகிறது. வார விடுமுறையும் பண்டிகை விடுமுறையும் ஒரே நாளில் விழுந்தால் இன்னொரு நாள் தானாக முளைக்கும் என்று இந்தச் சட்டத்தில் வரி கிடையாது. விவரம் தெரிந்த இடங்களில் பட்டியலிலேயே "தீபாவளியை ஒட்டி 9.11.2026 திங்கள்" என்று எழுதி வாங்கிவிடுவார்கள். அல்லது அந்த இடத்தில் வேறு பண்டிகையைப் போட்டுக்கொள்வார்கள். ரம்ஜானைச் சேர்ப்பவர்கள் தேதிக்குப் பக்கத்தில் "பிறை தெரிவதைப் பொறுத்து மாறும், அரசு தலைமை காஜியின் அறிவிப்பே இறுதி" என்று ஒரு வரி சேர்க்கட்டும். இல்லாவிட்டால் முந்தின நாள் இரவு பத்து மணிக்கு சூப்பர்வைசரின் போன் விடாமல் அடிக்கும்.

பட்டியலில் இல்லாத உள்ளூர் விடுமுறைக்கு ஆலையை மூடிவிட்டு, ஈடாக ஒரு ஞாயிறு ஓட்டுவதும் உண்டு. அந்த ஞாயிறு இரட்டைச் சம்பளமா, சாதா சம்பளமா என்பதில்தான் சண்டை வரும். முறையாக மாற்றிய ஞாயிறு சாதா வேலை நாள்தான். முறையாக மாற்றவில்லை என்றால் சிக்கல். எது முறை? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிலிருந்து வந்த கணக்கு இது: வார விடுமுறை நாளில் வேலை வாங்கினால், அந்த நாளுக்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் ஒரு முழு நாள் விடுமுறை இருக்க வேண்டும், ஆய்வாளருக்கு முன்கூட்டி நோட்டீஸ் போக வேண்டும், உள்ளே நோட்டீஸ் ஒட்ட வேண்டும், எந்தத் தொழிலாளியும் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் விடுப்பில்லாமல் வேலை செய்யக் கூடாது.

தேர் வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் மூடிவிட்டு வருகிற ஞாயிறு ஓட்டலாம், சரியாக மூன்று நாள். தொடர்ச்சியைப் பார்த்தால் வெள்ளியிலிருந்து அடுத்த சனி வரை ஒன்பது நாள், அதுவும் எல்லைக்குள். தேர் புதன்கிழமை என்றால் வருகிற ஞாயிறு நான்காவது நாளாகிவிடும், செல்லாது. அதற்கு முந்தைய ஞாயிறு ஓட்டியிருக்க வேண்டும், அதாவது முடிவை ஒரு வாரம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். தேர் முடிந்த பிறகு, "அடுத்த மாசம் ஏதாவது ஒரு ஞாயித்துக்கிழமை வந்து ஈடு பண்ணிடுங்க" என்பது இந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. 2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பு உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் இந்த மூன்று நாள் எல்லையைக் கைவிடாமல் இருப்பதே சச்சரவில்லாத வழி. இன்னொன்று, அந்தத் தொகுப்புகள் நீக்கியது மத்திய சட்டங்களை. ஒன்பது நாள் தரும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலச் சட்டம். அது அந்தப் பட்டியலில் இல்லை. "புது சட்டம் வந்தாச்சு, பழைய லீவெல்லாம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி பணம்.

ஒன்பது நாளும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. மாதச் சம்பளக்காரருக்கு இது கண்ணில் படாது, ஏனென்றால் சம்பளம் எப்படியும் முழுசாக வருகிறது. படுவது தினக்கூலி, வாரக்கூலி, பீஸ் ரேட் (செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி) ஆட்களுக்குத்தான். திருப்பூர் பக்கம் சனிக்கிழமை பட்டுவாடா. 2026-இல் ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. அந்த வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து ஷிப்ட் பார்த்தவருக்கு வெள்ளி மாலையே கவர் வந்துவிடும். கவருக்குள் ஐந்து ஷிப்ட் இருந்தால் தவறு, ஆறு இருக்க வேண்டும். "வராத நாளுக்கு எப்படிப்பா கூலி?" என்று மேஸ்திரி கேட்பார். வராத நாள் அல்ல அது, விடுமுறை நாள். சட்டம் கூலியோடு கொடுத்த நாள். கவரைப் பிரித்து அங்கேயே எண்ணிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பேச்சு அன்றைக்கே முடிந்துவிடும். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் பழைய நோட்டைத் தேட வேண்டியிருக்கும்.

விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கலாமா? அழைக்கலாம். குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தொழிலாளிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதன் நகல் ஆய்வாளருக்குப் போக வேண்டும், ஒரு நகலை நிறுவனத்தில் ஒட்ட வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸப் குரூப்பில் "டுமாரோ ஃபுல் வொர்க்கிங்" என்று போடுவது நோட்டீஸ் இல்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் தொழிலாளர் துறையினர் கடை, ஓட்டல், பேக்கரி என்று சுற்றி வருவார்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டீஸின் நகலைத்தான்.

அப்படி வேலை செய்தவருக்கு இரண்டு வழி. ஒன்று, அந்த நாளுக்கு இரு மடங்கு சம்பளம். இல்லாவிட்டால் அந்த நாளுக்குரிய சம்பளமும், வேறொரு நாளில் சம்பளத்தோடு மாற்று விடுமுறையும். எதை எடுப்பது என்பது தொழிலாளியின் விருப்பம். முதலாளியின் விருப்பம் அல்ல. இந்த ஒரு சொல்லைத்தான் மனிதவள அலுவலகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. "எங்க கம்பெனி பாலிசிப்படி காம்ப் ஆஃப் மட்டும்தான்" என்ற வரி சட்டத்துக்கு முன்னால் நிற்காது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். மாதம் 15,600 ரூபாய். ஒரு நாள் சம்பளம் எடுக்க 26-ஆல் வகுக்க வேண்டும், 600 ரூபாய் வரும். தமிழ்நாட்டின் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளிலும் மாதத்திலிருந்து நாளுக்கு வர 26-ஆல் வகுப்பதுதான் வழக்கம். சில இடங்களில் ஒரு தந்திரம் நடக்கும். லீவு எடுத்தால் பிடிக்க 26, விடுமுறைச் சம்பளம் கொடுக்க 30. 15,600-ஐ 30-ஆல் வகுத்தால் 520. நாளுக்கு 80 ரூபாய் காணாமல் போகிறது. பே சிலிப்பில் ஒரு நாள் பிடித்தம் எவ்வளவு என்று பார்த்து, அதே தொகையை விடுமுறைச் சம்பளத்திலும் கேளுங்கள். பிடிக்க ஒரு எண், கொடுக்க ஒரு எண் என்று எந்தக் கணக்கரும் எழுத்தில் விளக்க மாட்டார்.

மாதச் சம்பளக்காரர் ஆகஸ்ட் 15-இல் வேலை செய்தால் அவருக்குக் கூடுதலாக வர வேண்டியது 600. அந்த நாளுக்கான முதல் 600 மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 1,200. இங்கே தொழிலாளர் பக்கமும் தவறு செய்வதுண்டு. மாதச் சம்பளம் போக இன்னும் 1,200 என்று கேட்டால் அது மூன்று மடங்காகிவிடும். நாளுக்கு 600 வாங்கும் தினக்கூலிக்காரருக்கு நேர்மாறாக நடக்கும். அவர் வேலை செய்த நாளுக்கு 600 கையில் கொடுத்துவிட்டு, "கூலி கொடுத்தாச்சே" என்பார்கள். அவர் வீட்டிலேயே படுத்திருந்தாலும் அந்த 600 வந்திருக்கும். வேலை செய்ததற்கு 1,200.

மாற்று விடுமுறையிலும் இதே ஓட்டை. தினக்கூலிக்காரர் அக்டோபர் 2-இல் வேலை செய்து 600 வாங்கிக்கொள்கிறார், 6-ஆம் தேதி மாற்று விடுமுறை எடுக்கிறார். அந்த 6-ஆம் தேதிக்கும் 600 வர வேண்டும். சம்பளமில்லாத மாற்று விடுமுறை என்று ஒன்று கிடையாது, அது வெறும் லீவு. மாற்று நாள் எது என்பதை வேலைக்கு அழைக்கும் நோட்டீஸிலேயே தேதியோடு எழுதிவிடுவது நல்லது. "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று விட்ட காம்ப் ஆஃப், சூப்பர்வைசர் மாறியதும் காற்றில் போய்விடும்.

அன்றைக்கு எட்டு மணி நேரத்தைத் தாண்டி வேலை நடந்தால் ஓ.டி. தனிக் கணக்கு. மேலே சொன்ன 600-ஐ 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75, ஓ.டி.க்கு அதன் இரு மடங்கு 150. தீபாவளிக்கு முந்தைய ஜவுளிக்கடைக் கூட்டத்தில் அக்டோபர் 2 அன்று பத்து மணி நேரம் நின்ற தினக்கூலி விற்பனையாளருக்கு 1,200-உம் 300-உம் சேர்த்து 1,500. ஓ.டி.யையும் விடுமுறை இரட்டிப்பையும் ஒரே கட்டத்தில் போட்டு 1,200-ஓடு முடித்துவிடுவது சகஜமாக நடக்கும் பிழை.

பீஸ் ரேட்டுக்குத் தினசம்பளம் என்று ஒன்று இல்லாததால் சராசரி எடுக்க வேண்டும். போன மாதம் ஒரு டெய்லர் 24 நாள் வேலை பார்த்து 14,400 ரூபாய் சம்பாதித்தார் என்றால் சராசரி 600. வகுக்க வேண்டியது உண்மையில் வேலை செய்த நாள்களால். காலண்டர் நாள்களால் வகுத்தால் 480 ஆகிவிடும். ஆர்டர் இல்லாமல் பாதி மாதம் உட்கார்ந்திருந்தவருக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

முழு நாள் விடுமுறை என்று சட்டம் சொல்வதைக் கொஞ்சம் அழுத்தமாகப் படிக்க வேண்டும். ஆயுத பூஜை நம் பட்டறைகளில் எப்படி நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கே எல்லாரும் வந்து, லேத்தைத் துடைத்து, கிரீஸைச் சுரண்டி, தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பத்து மணிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி, சுண்டல், ஸ்வீட் பாக்ஸோடு பன்னிரண்டு மணிக்குக் கிளம்புவார்கள். அதே நாள் பட்டியலில் எஃப்.எச். என்று இருந்தால் அந்த ஐந்து மணி நேரம் என்ன? கூப்பிட்டு வரவைத்துக் கழுவச் சொன்னால் அது வேலை. பூஜைக்கு விருப்பப்பட்டு வந்து கற்பூரம் தொட்டுப் போனால் வேலை இல்லை. தகராறு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் துடைக்கும் வேலையை முந்தின நாள் மதியம் ஷிப்டுக்குள்ளேயே முடித்துவிடுவார்கள். சுதந்திர தினக் கொடியேற்றமும் இப்படித்தான். மிட்டாய் கொடுத்து அனுப்பினால் சரி, கொடியேற்றிவிட்டு "ஒரு மணி வரைக்கும் அந்த லோடை மட்டும் அனுப்பிட்டுப் போங்க" என்றால் விடுமுறை கெட்டது.

இரவு ஷிப்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆகஸ்ட் 14 இரவு பத்து மணிக்குத் தொடங்கும் மூன்றாவது ஷிப்ட் 15 காலை ஆறு மணிக்கு முடிகிறது. வார விடுமுறைக்குத் தொழிற்சாலைச் சட்டம் வைத்திருந்த வழி, ஷிப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம் என்பது. அதையே இங்கும் பின்பற்றினால் 15 காலை ஆறு முதல் 16 காலை ஆறு வரை அவருக்கு விடுமுறை, அதாவது 15 இரவு ஷிப்ட் கிடையாது. எந்த முறை என்றாலும் நோட்டீஸ் போர்டில் ஷிப்ட் வாரியாக எழுதிவிட வேண்டும். ஒரு மாதம் இப்படி, மறு மாதம் அப்படி என்று மாற்றினால்தான் ஒருவர் இரண்டு இரவும் வேலை பார்த்துவிட்டு விடுமுறையே இல்லாமல் போவார்.

விடுமுறைக்கு முன்னும் பின்னும் லீவு எடுத்தால் நடுவில் உள்ள விடுமுறையும் லீவாகக் கழியும் என்று சாண்ட்விச் விதி வைத்திருக்கும் இடங்கள் நிறைய. ஈட்டிய விடுப்பைப் பொறுத்தவரை தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இதை நேராகவே மறுத்திருந்தது: விடுப்பின் நடுவிலோ இரு முனையிலோ வரும் விடுமுறை நாள்கள் விடுப்புக் கணக்கில் சேராது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் 12 முதல் 17 வரை ஆறு நாள் எடுத்தவருக்கு, அதில் 15, 16 இரண்டும் எஃப்.எச். என்றால், கழிய வேண்டியது நான்கு நாள்தான். ஊரிலிருந்து திரும்பியதும் லீவு இருப்பு எத்தனை என்று பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உடம்பு சரியில்லாமல் இ.எஸ்.ஐ. சர்டிபிகேட்டில் இருக்கும்போது பண்டிகை வந்தால், சம்பளத்தோடு விடுமுறை பெறும் நாளுக்கு இ.எஸ்.ஐ. நோய்ப் பயன் கிடையாது. இரண்டில் ஒன்றுதான். கம்பெனி அந்த நாளுக்குச் சம்பளம் போட்டுவிட்டு, இ.எஸ்.ஐ.க்கு அனுப்பும் விவரத்தில் அதைக் காட்டாவிட்டால் பின்னால் திரும்பக் கட்டச் சொல்லி கடிதம் வரும்.

வாக்குப்பதிவு நாள் இந்த ஒன்பதுக்குள் இல்லை, தனி. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்ற பிரிவு, மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் வாக்குரிமையுள்ள எந்த நிறுவனத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரருக்கும் சேர்த்துத்தான். மீறினால் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். அவர் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ வரும் என்ற வேலைக்கு மட்டும் விலக்கு உண்டு. பாய்லர் ஆபரேட்டருக்கு அது பொருந்தலாம், பில்லிங் கவுன்ட்டருக்குப் பொருந்தாது.

மழை விடுமுறை வேறு சங்கதி. "கனமழை காரணமாகப் பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை" என்ற அறிவிப்பால் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு கிடைக்காது. ஆனால் தண்ணீர் புகுந்து நிறுவனமே வேலை தர முடியாமல் ஆட்களைத் திருப்பி அனுப்பினால் அது லே-ஆஃப். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஓராண்டு பணி முடித்து மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி உண்டு. ஆனால் அந்த நாள்களை ஈட்டிய விடுப்பில் கழிப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

இத்தனையும் யாருக்குக் கிடைப்பதில்லை என்று பார்த்தால் ஏஜென்சி வழியாக வரும் வாட்ச்மேனுக்கு. ஒன்பது நாளும் கேட்டில் இருப்பவர் அவர்தான், பன்னிரண்டு மணி நேர டூட்டி வேறு. கம்பெனி "ஏஜென்சியைக் கேளு" என்னும். ஏஜென்சி "கம்பெனி பில்லில் அது இல்லை" என்னும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் தரும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது கேட் யாருடையதோ அவருக்கு உண்டு. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போதே ஒன்பது நாளுக்கு இரட்டிப்பு என்று ரேட்டில் சேர்த்துவிடும் நிறுவனங்களில் இந்தப் பந்தாட்டம் இல்லை.

புகார் என்று போக வேண்டி வந்தால், கடை, ஓட்டல், வணிக நிறுவனத்துக்குத் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர் அல்லது துணை ஆய்வாளர். தொழிற்சாலைக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். வாயால் சொல்லிவிட்டு வராமல், ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு. இந்த ஆறும் இருந்தால் போதும், அடைமொழி எதுவும் வேண்டாம். கூடவே நோட்டீஸ் போர்டில் உள்ள விடுமுறைப் பட்டியலின் போட்டோ, அந்த மாதத்து பே சிலிப். முடிந்தால் மஸ்டரில் அந்தத் தேதிக் கட்டத்தையும் பார்த்து வையுங்கள். விடுமுறை நாளில் வேலை பார்த்தவருக்கு அங்கே என்.எச். என்றும் பக்கத்தில் பி (பிரசன்ட்) என்றும் இரண்டும் இருக்க வேண்டும். வெறும் பி மட்டும் இருந்தால் அது பதிவேட்டில் சாதாரண வேலை நாள். என்.எச். மட்டும் இருந்தால் நீங்கள் அன்றைக்கு வரவே இல்லை என்று அர்த்தம், பஸ் டிக்கெட்டும் பஞ்ச் மெஷின் நேரமும் வேறு மாதிரி சொன்னாலும்.